பூட்டையும் சோதிக்க வேண்டும்

கல்லூரித் துறைகள், சிற்றிதழ்கள், தமிழ்ச் சங்கங்கள், சிறு பதிப்பகங்கள் ஆகியவற்றின் இணையதளங்களை நடத்தும் நண்பர்களுக்காக இதனை எழுதுகிறேன். பதிவு சற்று நீண்டது. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். கொல்கத்தாவில் ஆய்வு மேற்கொண்டிருக்கும் எனக்கு, தமிழிலும் வங்கத்திலும் இயங்கும் இத்தகைய தளங்களை அடிக்கடி பார்க்க நேர்கிறது. அவற்றின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால், “எஸ்எஸ்எல் செருகுநிரல் போட்டிருக்கிறோம்” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அந்த விடை போதாது என்பதும், பாதுகாப்புக்காக நிறுவப்படும் நிரலையும் மற்ற நிரல்களைப் போலவே ஐயத்துடன் சோதிக்க வேண்டும் என்பதுமே என் கருத்து.

முதலில் இத்தகைய செருகுநிரல் எதற்காகத் தோன்றியது என்பதைப் பார்ப்போம். உலகின் இணையதளங்களில் பத்தில் நான்குக்கும் மேற்பட்டவை வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளால் இயங்குகின்றன. அவற்றுள் பல, இணைப்புகள் குறியாக்கமின்றித் திறந்த நிலையில் இயங்கிய காலத்தில் தொடங்கப்பட்டவை. சான்றிதழ் வாங்கப் பணம் வேண்டியிருந்தது. அதனைப் பொருத்த ஆள் வேண்டியிருந்தது. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசச் சான்றிதழ்களைப் பொதுமக்களுக்கு வழங்கத் தொடங்கியதும் முதல் தடை நீங்கிற்று. 2018 ஜூலையில் கூகுள் குரோம் உலாவி, குறியாக்கம் இல்லாத தளங்கள் அனைத்தையும் ‘பாதுகாப்பற்றது’ எனக் குறிக்கத் தொடங்கியபோது, மாறியே ஆக வேண்டிய நெருக்கடி பிறந்தது. ஆனால் வழங்கியின் அமைப்புக் கோப்புகளைத் தொடத் துணியாத ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் என்ன செய்வார்கள்? ஒரு பொத்தானை அழுத்தினால் தளம் முழுவதையும் குறியாக்க இணைப்புக்கு மாற்றித் தரும் செருகுநிரல்கள் அவர்களுக்குக் கைகொடுத்தன. அவற்றுள் மிகப் புகழ்பெற்றது ரியலி சிம்பிள் எஸ்எஸ்எல். 2024இல் அது ரியலி சிம்பிள் செக்யூரிட்டி எனப் பெயர் மாறியபோது, 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் நிறுவப்பட்டிருந்தது.

குறியாக்க இணைப்பைக் கட்டாயமாக்குவது ஏன் தேவை என்பதில் எனக்கு ஐயம் ஏதுமில்லை. ஹௌரா நிலையத்தின் இலவச வைஃபையில் ஒருவர் தம் இதழின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கிறார் என்று கொள்வோம். முகவரியை முழுமையாகத் தட்டச்சு செய்யாமல் தளத்தின் பெயரை மட்டும் இடுகிறார். உலாவி முதலில் குறியாக்கமில்லாத வழியில் தளத்தை நாடினால், அதே வலையமைப்பில் இடையே அமர்ந்திருப்பவர் அந்த முதல் வேண்டுகோளைப் பிடித்துவைத்துக்கொண்டு, பயனருக்குக் குறியாக்கமற்ற பக்கத்தையே தொடர்ந்து காட்ட முடியும். கடவுச்சொல் அவர் கண்முன்னே செல்லும். மாக்ஸி மார்லின்ஸ்பைக் என்னும் ஆய்வாளர் 2009இல் எஸ்எஸ்எல்ஸ்ட்ரிப் என்ற கருவியால் இதனைச் செய்து காட்டினார். இதற்கு மாற்றாக 2012இல் எச்எஸ்டிஎஸ் என்னும் நெறிமுறை தரப்படுத்தப்பட்டது. ‘இனி என்னிடம் குறியாக்க வழியில் மட்டுமே வா’ என்று தளம் உலாவிக்கு ஒருமுறை சொல்லிவிடும். உலாவி அதனைக் குறித்த காலம்வரை நினைவில் கொள்ளும். ஆகவே கட்டாயப்படுத்துதல் என்னும் கொள்கை சரியானது. அந்தக் கட்டாயத்தை யார் கையில் ஒப்படைக்கிறோம் என்பதே வினா.

2024 நவம்பரில் நடந்ததை இங்கு விரிவாகச் சொல்ல வேண்டும். அம்மாதம் 6ஆம் நாள், வேர்ட்ஃபென்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக் குழு ரியலி சிம்பிள் செக்யூரிட்டியில் ஒரு குறைபாட்டைக் கண்டறிந்தது. சிவிஇ-2024-10924 என அது பதிவாயிற்று. பத்துக்கு 9.8 என்ற தீவிர மதிப்பெண் அதற்கு வழங்கப்பட்டது. 9.0.0 முதல் 9.1.1.1 வரையிலான பதிப்புகள் அனைத்தும் பாதிக்கப்பட்டவை.

குறைபாடு குறியாக்கத்தில் இல்லை. அச்செருகுநிரலில் புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்த இரண்டடுக்கு உள்நுழைவு வசதியில் இருந்தது. கடவுச்சொல்லை அளித்தபின் இரண்டாம் சரிபார்ப்பை அமைத்துக்கொள்ளுமாறு பயனரிடம் கேட்கும் பக்கத்தில், ‘இப்போது வேண்டாம்’ என்று தள்ளிவைக்கவும் வழி இருந்தது. அவ்வழியில் வரும் வேண்டுகோள் மெய்யானதுதானா என்பதை ஒரு செயற்கூறு சரிபார்த்தது. பொய்யென்று கண்டால் ‘பிழை’ என்ற விடையை முறையாகத் திருப்பியும் அனுப்பியது. ஆனால் அந்த விடையைப் பெற்றுக்கொண்ட மற்றொரு செயற்கூறு அதனைப் பொருட்படுத்தவே இல்லை. அடுத்த வரிக்குச் சென்று பயனரை உள்ளே அனுமதித்தது. வாயிற்காவலர் ‘இவரிடம் அனுமதிச் சீட்டு இல்லை’ என்று உரக்கச் சொல்ல, அதனைக் காதில் வாங்காமல் உள்ளிருப்பவர் வந்தவரிடம் சாவியைக் கொடுத்த கதை இது.

விளைவு என்ன? கடவுச்சொல் தெரியாத ஒருவர், பயனர் எண்ணை மட்டும் குறிப்பிட்டு, எந்தப் பயனராகவும் நுழைய முடிந்தது. வேர்ட்பிரஸ் தளத்தில் முதலில் உருவாகும் கணக்கின் எண் 1. அது பெரும்பாலும் நிர்வாகியின் கணக்காகவே இருக்கும். ஊகிப்பதற்கு அதிகம் எதுவுமில்லை. ஒரே ஆறுதல், அவ்வசதி இயல்பாக அணைக்கப்பட்டிருந்தது என்பதே. அதனை முடுக்கியவர்கள் மட்டுமே பாதிப்புக்கு உள்ளாயினர். இதிலுள்ள முரணைக் கவனியுங்கள்: பாதுகாப்பில் அக்கறையின்றி அந்த வசதியைத் தொடாமல் விட்டவர் இத்தாக்குதலிலிருந்து தப்பினார்; கூடுதல் அக்கறையுடன் அதனை இயக்கியவரின் கதவு திறந்து கிடந்தது.

இந்நிகழ்வு நமக்குச் சொல்வது என்ன? கொல்கத்தாவின் பராநகரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இருக்கிறது. மறையியலுக்கும் பாதுகாப்புக்குமென அங்கே ஆர். சி. போஸ் பெயரில் தனி ஆய்வு மையமே இயங்குகிறது. மறைகுறியீடுகளின் கணிதத்தில் ஆண்டுக்கணக்கில் உழைப்பவர்கள் வாழும் நகரம் இது. அந்தக் கணிதம் இந்நிகழ்வில் எள்ளளவும் உடையவில்லை. தாக்கியவரின் வேண்டுகோளும் குறியாக்கம் செய்யப்பட்ட இணைப்பின் வழியாகவே வந்திருக்கக்கூடும். அப்போதும் உலாவியில் எல்லாம் செம்மையாகவே தோன்றியிருக்கும். உடைந்தது, திரும்பி வந்த விடையைச் சரிபார்க்கத் தவறிய ஒரு வரி. 2014 ஏப்ரலில் உலகையே உலுக்கிய ஹார்ட்பிளீட் குறைபாடும் இவ்வகையினதே: கணிதம் சரியாக இருந்தது, கேட்கப்பட்ட நீளம் உண்மையான நீளந்தானா என்று பார்க்கும் ஒரு சோதனை ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் விடுபட்டிருந்தது. குறியாக்கம் பாதையைக் காக்கிறது. பாதையின் முடிவில் இருக்கும் வீட்டைக் காப்பது வேறு வேலை.

இரண்டாவது பாடம் இன்னும் முக்கியமானது. குறியாக்க இணைப்புக்குத் திருப்பிவிடுதல் என்னும் சிறு பணிக்காகப் பிறந்த செருகுநிரல், காலப்போக்கில் உள்நுழைவைக் கையாளும் பெருங்கருவியாக வளர்ந்தது. வேர்ட்பிரஸ் செருகுநிரல்களுக்குள் அதிகார வரம்பு என்று எதுவும் கிடையாது. பக்கத்தின் அடியில் ஆண்டைக் காட்டும் செருகுநிரலும், கடவுச்சொல்லைக் கையாளும் செருகுநிரலும் ஒரே அதிகாரத்துடன் இயங்குகின்றன. இரண்டும் தரவுத்தளம் முழுவதையும் படிக்கலாம், எழுதலாம். ஆகவே ஒரு செருகுநிரல் தன் பணிகளை விரிக்கும்போதெல்லாம் நம் தளத்தைத் தாக்குவதற்கான பரப்பும் விரிகிறது. பூட்டு வேண்டுமென்று நிறுவியவர்கள், அடுத்தடுத்த புதுப்பித்தல்களில் தாம் கேளாத பல கதவுகளையும் பெற்றனர்.

அக்குறைபாடு சரிசெய்யப்பட்டுவிட்டதே, இனி என்ன கவலை என்று கேட்கலாம். அதனை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், இத்தகைய செருகுநிரல் தன் அடிப்படைப் பணியை எவ்வளவு முழுமையாகச் செய்கிறது என்பதை மதிப்பிட வேண்டியுள்ளது. மூன்று இடங்களில் நிறைவு கிடைப்பதில்லை.

முதலாவது, திருப்பிவிடுதல் எங்கே நிகழ்கிறது என்பது. வேர்ட்பிரஸ் பக்கம் உருவாகும்போது பிஎச்பி நிரலின் வழியாகத் திருப்பிவிட்டால், வேர்ட்பிரஸைத் தொடாமல் வழங்கி நேரடியாக அளிக்கும் கோப்புகளுக்கு அது பொருந்தாது. படங்களும் பிடிஎஃப் கோப்புகளும் அத்தகையவை. ஓர் ஆய்விதழின் தளத்தில் உயிரான பகுதி கட்டுரைகளின் பிடிஎஃப்களே. முகப்பு குறியாக்கத்துடன் வரும்; பழைய முகவரியில் கேட்கப்படும் கட்டுரையோ திறந்த வழியிலேயே வந்து சேரும். வழங்கியின் அமைப்புக் கோப்பில் திருப்பிவிட்டால்தான் இந்த ஓட்டை அடைபடும்.

இரண்டாவது, பழைய இணைப்புகள். பத்தாண்டுப் பதிவுகளில் படங்களின் முகவரிகள் எச்டிடிபி என்றே தொடங்கும். பக்கம் வாசகரிடம் செல்லும் ஒவ்வொரு முறையும் அவற்றை மாற்றி அனுப்புவதே இச்செருகுநிரல்களின் பொதுவான உத்தி. தரவுத்தளம் பழையபடியே இருக்கும். செருகுநிரலை நீக்கிய கணமே சிக்கல் திரும்பிவிடும். அதனால் அதனை நீக்கவே அஞ்சுவர். ஒருமுறை தரவுத்தளத்திலேயே முகவரிகளை மாற்றிவிடுவதுதான் தீர்வு. நோய்க்கு மருந்து உண்பது ஒன்று, மருந்தையே நம்பி நோயை வைத்துக்கொள்வது வேறொன்று.

மூன்றாவது, இடைநிலைச் சேவைகள். பல தளங்கள் க்ளவுட்ஃப்ளேர் போன்ற சேவையின் பின்னால் இயங்குகின்றன. அதில் ‘ஃப்ளெக்சிபிள்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், வாசகரிடமிருந்து க்ளவுட்ஃப்ளேர் வரையிலான பாதை மட்டுமே குறியாக்கம் பெறும். அங்கிருந்து நம் வழங்கி வரை தரவு திறந்த நிலையில் பயணிக்கும். வாசகரின் உலாவி இதனை அறியாது. செருகுநிரலும் இதனைச் சரிசெய்ய இயலாது. பாதிப் பாலத்துக்குக் கைப்பிடி கட்டிவிட்டு, முழுப் பாலமும் பாதுகாப்பானது என்று பலகை மாட்டுவதற்கு ஒப்பானது இது.

குறியாக்கத்தின் மீதான நம்பிக்கை சான்றிதழ் வழங்குவோரின் நேர்மையையும் கவனத்தையும் சார்ந்தது என்பதை இந்தியர்கள் மறக்கலாகாது. 2014 ஜூலையில், தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுளின் தளங்களுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதைக் கூகுள் கண்டறிந்தது. அம்மையத்துக்கு மேல் நின்ற சான்றளிப்பு அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளர் அதன் இடைநிலைச் சான்றிதழ்களை உடனே விலக்கினார். மைக்ரோசாஃப்டின் நம்பிக்கைப் பட்டியலில் அந்த வேர்ச் சான்றிதழ் இடம்பெற்றிருந்ததால், விண்டோஸ் கணினிகளில் இயங்கிய பல நிரல்கள் அந்தப் போலிச் சான்றிதழ்களை மெய்யென ஏற்றிருக்கும். பின்னர் குரோம் அந்த இந்திய வேர்ச் சான்றிதழின் எல்லையைச் சில இந்தியக் களப்பெயர்களுக்கு மட்டும் எனச் சுருக்கிவிட்டது. எந்தச் செருகுநிரலாலும் இத்தகைய பிழையைத் தடுக்க முடியாது. பூட்டுக் குறியைப் பயனர்கள் தவறாகப் பொருள் கொள்கின்றனர் என்பதை உணர்ந்தே, 2023இல் குரோம் முகவரிப் பட்டையிலிருந்த அக்குறியை நீக்கி வேறொரு நடுநிலைக் குறியை வைத்தது. ஏமாற்றுத் தளங்களும் இலவசச் சான்றிதழ் பெறலாம். பூட்டு இணைப்பைப் பற்றி மட்டுமே பேசும், எதிரே இருப்பவரின் குணத்தைப் பற்றியன்று.

எதிர்வாதத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். இச்செருகுநிரல் இல்லையென்றால் இலட்சக்கணக்கான சிறு தளங்கள் இன்றும் குறியாக்கமின்றியே கிடந்திருக்கும். அதன் உருவாக்குநர்கள் குறைபாடு தெரிந்த எட்டு நாட்களுக்குள், நவம்பர் 14க்குள், கட்டண, இலவசப் பதிப்புகள் இரண்டையும் திருத்தி 9.1.2 பதிப்பை வெளியிட்டனர். வேர்ட்பிரஸ் அமைப்பு தன் வழக்கத்தை மீறி, பயனர்களின் ஒப்புதலுக்குக் காத்திராமல் அத்திருத்தத்தைத் தளங்களுக்கு வலிந்து அனுப்பியது. மூலநிரல் திறந்திருந்ததால்தான் வெளியார் குறையைக் கண்டனர். கைவிடப்பட்டு ஆண்டுக்கணக்கில் திருத்தமின்றிக் கிடக்கும் எத்தனையோ செருகுநிரல்களோடு ஒப்பிட்டால், இது பொறுப்பான நடத்தையே. இரண்டடுக்கு உள்நுழைவும் நல்ல வழக்கமே. ஒரு நிரலின் பிழைக்காக அவ்வழக்கத்தைக் கைவிடுவது எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவதாகும்.

இவை அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் வலிந்து அனுப்பப்பட்ட திருத்தமும் எல்லாரையும் அடைவதில்லை. தானியங்கிப் புதுப்பித்தலைத் தடுத்துவைத்த தளங்கள் உண்டு. உரிமம் காலாவதியான கட்டணப் பதிப்புகளும், திருட்டுத்தனமாகப் பெற்ற கட்டணப் பதிப்புகளும் உண்டு. தளத்தை அமைத்துக் கொடுத்த மாணவர் பட்டம் பெற்று ஊர் போய்விட, நிர்வாகக் கணக்கின் மின்னஞ்சலைத் திறக்க ஆளில்லாத துறைகளும் உண்டு. நம் சூழலில் இவை விதிவிலக்குகள் அல்ல. ஒருவர் நிர்வாகியாக நுழைந்து வேறொரு நிர்வாகிக் கணக்கைத் தமக்கென உருவாக்கிக்கொண்டால், பின்னர் வரும் திருத்தம் அவரை வெளியேற்றாது. அவர் நுழைந்தாரா என்று அறியப் பதிவேடுகள் வேண்டும். இந்தியக் கணினி அவசரநிலை மீட்புக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, பதிவேடுகளை 180 நாட்கள் பேணவும் ஊறு நிகழ்ந்ததை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் நிறுவனங்களைப் பணிக்கிறது. நம் சிறு தளங்களில் எத்தனைக்கு இப்படியோர் ஆணை இருப்பதே தெரியும்?

இழப்பு என்ன என்று கேட்பவர்களுக்காக இவ்வூரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. கல்லூரித் தெருவை அடுத்த டேமர் லேனில் சந்தீப் தத்தா என்னும் தனிமனிதர் 1978இல் வங்கச் சிற்றிதழ்களுக்கென ஒரு நூலகம் தொடங்கினார். பெரிய நூலகங்கள் பொருட்படுத்தாத இதழ்களைத் தம் வீட்டிலேயே திரட்டினார். இன்று வங்க இலக்கியத்தை ஆய்பவர்கள் அவருக்குக் கடன்பட்டவர்கள். அச்சிதழ் ஒன்று ஒருவர் அலமாரியில் அழிந்தாலும் மற்றொருவர் அலமாரியில் பிழைத்திருக்கும். இணையத்தில் மட்டும் வெளிவரும் சிற்றிதழுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் தரவுத்தளமே அதன் அலமாரி. நிர்வாகக் கணக்கே அதன் சாவி. பிறர் கையில் அது சிக்கினால், பதினைந்து ஆண்டுக் கதைகளும் கவிதைகளும் ஒரு பிற்பகலில் மறையலாம். அல்லது மறையாமல் நின்று, சூதாட்ட விளம்பரங்களை வாசகர்களிடம் கொண்டுசேர்க்கலாம். ஆய்விதழாயின், கட்டுரை அனுப்பியோரின் முகவரிகளும் தொலைபேசி எண்களும் மதிப்பீட்டாளர்களின் இரகசியக் கருத்துரைகளும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றை நம்மிடம் ஒப்படைத்தவர்கள் நம் செருகுநிரலைப் பார்த்து ஒப்படைக்கவில்லை. நம்மை நம்பி ஒப்படைத்தார்கள்.

என்ன செய்யலாம்? வல்லுநர் இல்லாமலேயே ஓர் அரை நாளில் முடிக்கக்கூடியவை பின்வருவன.

1. குறியாக்கத்தைக் கட்டாயமாக்கும் பணியை இயன்றவரை வழங்கியிடமே விடுங்கள். பெரும்பாலான இந்திய வழங்கிச் சேவைகள் அளிக்கும் சிபேனலில் இதற்கென ஒரு பொத்தான் இருக்கிறது. 2021 மார்ச்சில் வந்த 5.7ஆம் பதிப்பு முதல் வேர்ட்பிரஸே தள முகவரியை ஒரே சொடுக்கில் மாற்றித் தருகிறது. இவை போதுமானால் தனிச் செருகுநிரலே தேவையில்லை.

2. செருகுநிரலைத்தான் பயன்படுத்துவோம் என்றால், அதன் பதிப்பு எண்ணை இன்றே பாருங்கள். தானியங்கிப் புதுப்பித்தல் இயங்குகிறதா என்றும் பாருங்கள். உங்களுக்குத் தேவைப்படாத வசதிகளை அணைத்துவையுங்கள்.

3. நிர்வாகிக் கணக்குகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் உரிய மனிதர் யார் என்று கேளுங்கள். விடை கிடைக்காத கணக்கை நீக்குங்கள்.

4. உங்கள் தளத்திலுள்ள ஒரு பிடிஎஃப் கோப்பின் முகவரியை எச்டிடிபி என்று மாற்றித் திறந்துபாருங்கள். குறியாக்க வழிக்குத் தானாகத் திரும்பவில்லையெனில் வேலை முடியவில்லை என்று பொருள்.

5. எச்எஸ்டிஎஸ் நெறிமுறையை முதலில் சில நாட்களுக்கு மட்டும் இயக்கிப் பாருங்கள். எல்லாம் சீராக இயங்கினால் ஓராண்டாக நீட்டுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழின் ஆயுள் குறுகியது. அதனைப் புதுப்பிக்கும் ஏற்பாடு நின்றுபோனால், எச்எஸ்டிஎஸ் உள்ள தளத்துக்குள் வாசகர் நுழையவே முடியாது.

6. தரவுத்தளத்தின் படியொன்றை மாதந்தோறும் வேறோர் இடத்தில் சேமியுங்கள். சந்தீப் தத்தாவின் அலமாரிக்கு நிகராக நாம் செய்யக்கூடியது இதுவே.

நிறைவாக ஒன்று. ‘பாதுகாப்பு’ என்ற சொல்லைப் பெயரில் தாங்கியிருப்பதால் ஒரு நிரல் பாதுகாப்பானதாகிவிடாது. அதுவும் மனிதர் எழுதியதே. அதிலும் ஒரு வரி விடுபடும். எத்தனை பூட்டுகள் மாட்டியிருக்கிறோம் என்பதைவிட, எத்தனை பேரிடம் சாவி இருக்கிறது என்பதை அறிந்திருப்பதே ஒரு சிறு தளத்தின் உண்மையான காவல். உங்கள் துறையின், இதழின், சங்கத்தின் தளத்துக்குப் பொறுப்பானவரிடம் இப்பதிவைக் காட்டுங்கள். அப்படி ஒருவர் இல்லையெனில், யார் பொறுப்பேற்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.